லினக்ஸ் ஷேர் பழைய விண்டோஸில் திறக்கிறது, புதிய விண்டோஸில் திறக்கவில்லை

எல்லைக்கடை (கொழிஞ்சாம்பாறை)

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் டிடிபி, பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பள்ளி வினாத்தாள் என்று தமிழிலும் மலையாளத்திலும் வேலை வரும். கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

கடையில் மூன்று சிஸ்டம். ஒன்று உபுண்டு 24.04, லினக்ஸ்தான். பெரிய ஹார்டு டிஸ்க் அதில்தான் இருக்கிறது, பழைய வேலைகள் முழுக்க அதில்தான். இன்னொன்று விண்டோஸ் 10 ஹோம். புதிதாக வாங்கியது விண்டோஸ் 11 ப்ரோ.

உபுண்டுவில் வேலை போல்டரை சாம்பா (லினக்ஸ் போல்டரை விண்டோஸில் திறக்க வைக்கும் மென்பொருள்) வழியாக ஷேர் செய்திருக்கிறேன். பாஸ்வேர்டு கிடையாது. விண்டோஸ் 10ல் ஒரு தொல்லையும் இல்லாமல் திறக்கிறது. புதிய சிஸ்டத்தில் மட்டும், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அடையாளம் காட்டாத கெஸ்ட் நுழைவைத் தடுக்கிறது என்கிற மாதிரி ஒரு செய்தி வருகிறது. நான் எந்தக் கொள்கையும் வைக்கவில்லையே, கடைக்கு ஏது நிறுவனக் கொள்கை? கேபிள் மாற்றிப் பார்த்தாயிற்று, பிங் போகிறது. இப்போது பென் டிரைவில் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். ஒரே பத்திரிகைக்கு மூன்று வடிவம் மூன்று இடத்தில் கிடக்கிறது, எது திருத்தியது என்று தெரியாமல் அச்சடித்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

வாளையார்_சர்வீஸ்

அண்ணா, இது அடிக்கடி வருகிற கேஸ்தான். விண்டோஸ் வசதிகளை ஏற்று நிறுத்தும் பட்டியலில் போய் எஸ்எம்பி 1.0 (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறையின் பழைய பதிப்பு) என்பதை டிக் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதிலும் வராவிட்டால் விண்டோஸ் விதிகளை மாற்றும் குரூப் பாலிசியில் பாதுகாப்பற்ற கெஸ்ட் லாகினை அனுமதிக்கும் ஒரு வரி இருக்கிறது, அதை ஏற்றிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

கல்பாத்தி_நெட்

எல்லைக்கடை, தயவுசெய்து எஸ்எம்பி 1ஐத் தொடாதீர்கள். உங்கள் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விண்டோஸ் 10, 11 இரண்டும் உபுண்டு 24.04ம் எஸ்எம்பி 3லேயே பேசிக்கொள்ளும். அதை ஏற்றினாலும் இதே செய்திதான் வரும், கூடவே ஒரு பழைய வாசலும் திறந்து கிடக்கும்.

உங்கள் இரண்டு விண்டோஸுக்கும் உள்ள வித்தியாசம் கெஸ்ட் விஷயத்தில்தான் இருக்கிறது. விண்டோஸ் 10 ஹோம், பாஸ்வேர்டு இல்லாத ஷேரை ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 11, 2024ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோவில் இரண்டு விஷயம் இயல்பாகவே மாறிவிட்டது. கெஸ்டாக நுழைவது தடை. அது போக, எஸ்எம்பியில் போகும் தரவுப் பொட்டலம் ஒவ்வொன்றும் கையொப்பத்தோடு வர வேண்டும். அந்தக் கையொப்பத்துக்கான சாவி பயனரின் பாஸ்வேர்டிலிருந்துதான் உருவாகிறது. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்டால் கையொப்பம் போடவே முடியாது. ஆகவே வாளையார் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் போதாது, கையொப்பக் கட்டாயத்தையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். ஒரு போல்டருக்காக அந்த சிஸ்டத்தின் இரண்டு காவலையும் கழற்றுவது எதற்கு? செய்தியில் வரும் 'நிறுவனம்' என்பது மைக்ரோசாப்ட் எல்லாருக்கும் பொதுவாக வைத்த வாசகம். உங்கள் கடையில் யாரும் எதையும் மாற்றவில்லை.

சரியான வழி, ஷேருக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுப்பது. கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

உபுண்டுவில் முதலில் 'கடை' என்று ஒரு குரூப் உருவாக்குங்கள். அப்புறம் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பயனரை உருவாக்கி அந்தக் குரூப்பில் சேருங்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பயனர் வைத்தாலும் ஓடும். ஆனால் ஒரு பையன் வேலையை விட்டுப் போனால் அவன் பெயரை மட்டும் நிறுத்த முடியாது, எல்லா சிஸ்டத்திலும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டி வரும். ஆளுக்கொரு பெயரே நல்லது.

இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள்: லினக்ஸில் வைத்த பாஸ்வேர்டு சாம்பாவுக்குத் தெரியாது. சாம்பா தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு பயனரையும் எஸ்எம்பிபாஸ்வேர்டு கட்டளையால் அதில் சேர்க்க வேண்டும். கட்டளையின் எழுத்துக்கூட்டலில் 'பாஸ்வேர்டு' சுருக்கமாக வரும், லினக்ஸின் பாஸ்வேர்டு கட்டளையில் வருகிற மாதிரியே. புதியவரைச் சேர்க்கும்போது ஹைஃபன் 'ஏ' போட வேண்டும். அது இல்லாமல் அடித்தால் ஏற்கெனவே இருக்கிறவரின் பாஸ்வேர்டை மாற்றத்தான் பார்க்கும்.

அப்புறம் சாம்பாவின் அமைப்புகள் இருக்கும் கான்ஃப் ஃபைலில் உங்கள் ஷேர் பகுதியில்: கெஸ்ட் ஓகே = நோ. ரீட் ஒன்லி = நோ. வேலிட் யூசர்ஸ் என்ற இடத்தில் அட் குறி போட்டு 'கடை' குரூப்பின் பெயர். ஃபோர்ஸ் குரூப் = அதே குரூப். கிரியேட் மாஸ்க் 0660, டைரக்டரி மாஸ்க் 2770 (புதிய ஃபைல், போல்டருக்கான உரிமை எண்கள்). சேமித்துவிட்டு டெஸ்ட்பார்ம் அடித்துப் பாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் அதுவே காட்டும். பிறகு சாம்பாவின் எஸ்எம்பிடி சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபயர்வால் ஓடினால் சாம்பாவுக்கு அனுமதி கொடுங்கள். 445 என்ற டிசிபி போர்ட் திறந்தால் இன்றைய விண்டோஸுக்குப் போதும், 137லிருந்து 139 வரை உள்ளவை பழைய நெட்பயாஸுக்கானவை.

விண்டோஸ் பக்கம் கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் போய், உபுண்டுவின் ஐபி, பயனர் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் ஒரு தடவை சேர்த்துவிட்டு, ஷேரை இசட் டிரைவாக மேப் செய்யுங்கள். ரவுட்டரில் உபுண்டுவுக்கு ஒரு ஐபியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் என்றைக்காவது கரண்ட் போய் வந்ததும் ஐபி மாறி, இசட் டிரைவில் சிவப்பு எக்ஸ் நிற்கும்.

வாளையார்_சர்வீஸ்

நீங்கள் சொல்வது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் போகிற இடமெல்லாம் சின்னக் கடைகள். பாஸ்வேர்டு வைத்தால் மறந்துவிட்டு ராத்திரி போன் வருகிறது. மானிட்டரில் சீட்டு எழுதி ஒட்டி வைக்கிறார்கள். அப்படியிருக்க அந்தப் பாஸ்வேர்டால் என்ன பயன்? கடைக்குள் இருக்கிற மூன்று சிஸ்டத்துக்கு இவ்வளவு வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

கல்பாத்தி_நெட்

நியாயமான கேள்வி. கடைக்குள் மூன்று சிஸ்டம் மட்டும் இருந்தால் நானும் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். எல்லைக்கடை, ஒன்று சொல்லுங்கள்: வாடிக்கையாளர்கள் போனிலிருந்து பிடிஎஃப் அனுப்ப உங்கள் வைஃபையைக் கொடுக்கிறீர்களா?

எல்லைக்கடை (கொழிஞ்சாம்பாறை)

ஆமாங்க. இங்கே பாதிப் பேருக்கு தமிழ்நாட்டு சிம், சில இடத்தில் சிக்னல் நிற்காது. வைஃபை கொடுத்தால்தான் வேலை நடக்கும்.

கல்பாத்தி_நெட்

அப்படியென்றால் அந்த வைஃபையில் வருகிற எந்தப் போனிலிருந்தும் உங்கள் வேலை போல்டரை இன்றைக்குத் திறக்கலாம், அழிக்கலாம். ஃபைல் மேனேஜர் ஆப்கள் பலவற்றிலேயே எஸ்எம்பி வசதி இருக்கிறது. உங்கள் போல்டரில் பத்திரிகை டிசைன் மட்டுமா இருக்கும்? ஸ்கேன் செய்த ஆதார், ரேஷன் கார்டு, நிலப் பத்திரம் எல்லாம் இருக்கும். நம்மை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்களுடையது அது. அவர்களுக்காகவாவது ஒரு பாஸ்வேர்டு வேண்டும்.

வாளையார், சீட்டு ஒட்டுகிற பிரச்சினைக்கு நான் செய்வது இது: கிரெடென்ஷியல் மேனேஜரில் நானே சேர்த்துக் கொடுத்துவிடுவேன். கடையில் யாரும் அதைத் தட்டவே வேண்டியதில்லை, சிஸ்டத்தைத் திறந்ததும் இசட் டிரைவ் வந்து நிற்கும். பாஸ்வேர்டை ஒரு உறையில் எழுதி முதலாளியின் பெட்டியில் வைக்கச் சொல்வேன். மறக்கவும் வழியில்லை, மானிட்டரில் ஒட்டவும் தேவையில்லை.

எஸ்எம்பி 1 பற்றி ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அந்த வழியில்தான். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். அப்போது செய்தியில் வந்த இடங்கள் நமக்கு அந்நியமா? வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து அலுவலகம், இங்கே பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகம், அந்தப் பக்கம் ஆந்திர போலீஸின் கணினிகள். யாரும் எந்த ஃபைலையும் கிளிக் செய்யாமலே ஒரு சிஸ்டத்திலிருந்து பக்கத்து சிஸ்டத்துக்குத் தானாகத் தாவியது. அதற்குப் பிறகு விண்டோஸ் 10ன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக வருவதில்லை. சாம்பாவும் 2019ல் 4.11 பதிப்போடு அதை இயல்பில் நிறுத்திவிட்டது. இரண்டு பக்கமும் சேர்ந்து மூடிய கதவை நாம் போய்த் திறக்க வேண்டாம்.

அப்புறம் ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை என்று தனியாக ஒன்று இருந்தால் வாடிக்கையாளர்களுக்கு அதைக் கொடுங்கள். அதில் சேர்கிறவர்களுக்கு இன்டர்நெட் கிடைக்கும், கடையின் மற்ற சிஸ்டம் கண்ணில் படாது. கடை லேப்டாப் எதையும் தவறி அதில் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் ஷேர் தெரியவில்லை என்று இன்னொரு இழை தொடங்க வேண்டி வரும்.

எல்லைக்கடை (கொழிஞ்சாம்பாறை)

ரொம்ப நன்றிங்க. எல்லாம் செய்தேன். டெஸ்ட்பார்ம் பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் விண்டோஸ் 11ல் இன்னும் அதே கெஸ்ட் தடை செய்திதான். விண்டோஸ் 10ல் வேறு மாதிரி: ஒரே சர்வருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் பெயரில் இணைப்பு கூடாது என்று சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே காரணமா?

கல்பாத்தி_நெட்

இல்லை, இரண்டும் வேறு.

விண்டோஸ் 11ல்: உபுண்டுவின் சாம்பா கான்ஃப் ஃபைலில் மேலே 'மேப் டு கெஸ்ட் = பேட் யூசர்' என்று ஒரு வரி இயல்பாகவே இருக்கும். தெரியாத பெயரோடு யாராவது வந்தால் அவரைக் கெஸ்டாக மாற்றி உள்ளே விடு என்று அதற்கு அர்த்தம். நீங்கள் கொடுத்த பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலோ, அந்தப் பெயர் சாம்பா பட்டியலில் சேராமல் இருந்தாலோ, 'பெயர் தவறு' என்று சாம்பா சொல்லாது. உங்களைக் கெஸ்டாக்கிவிடும். விண்டோஸ் உடனே கெஸ்ட் தடை என்று சொல்லிவிடும். பார்க்கிறவருக்கு பாஸ்வேர்டே போய்ச் சேரவில்லை என்று தோன்றும். அந்த வரியை 'நெவர்' என்று மாற்றுங்கள். இனிமேல் பெயர் தவறானால் நேரடியாகத் தவறு என்றே வரும், தேடுவது சுலபம். சாம்பா பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று பிடிபிஎடிட் கட்டளைக்கு ஹைஃபன் 'எல்' சேர்த்தால் காட்டும், இந்த 'எல்' மட்டும் பெரிய எழுத்தில்.

விண்டோஸ் 10ல்: பழைய கெஸ்ட் இணைப்பை அது இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கமாண்ட் பிராம்டில் நெட் யூஸ், ஒரு நட்சத்திரக் குறி, சாய்கோடு போட்டு டெலீட். எல்லா இணைப்பும் அறுந்துவிடும். பிறகு புதிதாக மேப் செய்யுங்கள்.

எல்லைக்கடை (கொழிஞ்சாம்பாறை)

திறந்துவிட்டது! இரண்டிலும்! பெயரில்தான் இருந்தது, சாம்பா பட்டியலில் ஒரு 'எச்' கூடுதல்.

இன்னும் ஒன்று. புதிதாகச் சேமிக்கிற ஃபைல்களை எல்லாரும் திருத்த முடிகிறது. பழைய ஃபைல்களைத் திறந்தால் படிக்க மட்டும் முடிகிறது. அதோடு, விண்டோஸ் 11ல் ஸ்கேனர் இருக்கிறது, அதன் போல்டரை உபுண்டுவிலிருந்து பார்க்க வேண்டும். அதில் நான் வைத்திருக்கும் நான்கு இலக்க பின் எண்ணைக் கொடுத்தால் ஏற்க மாட்டேன் என்கிறது.

கல்பாத்தி_நெட்

பழைய ஃபைல்கள் கெஸ்ட் காலத்தில் 'நோபடி' என்ற பெயரில் உருவானவை. மாஸ்க் எல்லாம் இனி வருகிற ஃபைலுக்குத்தான். உபுண்டுவில் அந்த போல்டர் முழுவதற்கும் ஒருமுறை குரூப்பை மாற்றி, குரூப்புக்கு எழுதும் உரிமை கொடுத்துவிடுங்கள். போல்டர்களுக்கு 2770, ஃபைல்களுக்கு 0660. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

பின் எண் அந்தச் சிஸ்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றாலும் விண்டோஸ் நெட்வொர்க்கில் அனுமதிக்காது. விண்டோஸில் 'ஸ்கேன்' என்று ஒரு லோக்கல் கணக்கு உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, அந்தக் கணக்குக்கு மட்டும் போல்டரை ஷேர் செய்யுங்கள். ஷேரிங் டேப், செக்யூரிட்டி டேப் இரண்டிலும் உரிமை இருக்க வேண்டும். எதில் குறைவாக இருக்கிறதோ அதுதான் செல்லும். நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள்.

உபுண்டுவில் எப்போதாவது பார்க்க ஃபைல் மேனேஜரே போதும். எப்போதும் வேண்டுமென்றால் சிஐஎஃப்எஸ் யூட்டில்ஸ் நிறுவி எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிரைவ்களின் பட்டியல்) ஒரு வரி. அதில் பாஸ்வேர்டை எழுத வேண்டாம், ரூட் (லினக்ஸின் நிர்வாகி கணக்கு) மட்டும் படிக்கிற தனி ஃபைலில் எழுதி அதன் பாதையைக் கொடுங்கள். யுஐடி, ஜிஐடி (பயனர் எண், குரூப் எண்) கொடுக்க மறக்காதீர்கள், கொடுக்காவிட்டால் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாக வரும். 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேருங்கள். அது இல்லாவிட்டால், விண்டோஸ் அணைந்திருக்கும் காலையில் உபுண்டு பூட் ஆகும்போது அதற்காகக் காத்து நிற்கும்.

தமிழ்வகுப்பு_டீச்சர் (சித்தூர் தாலுகா)

நான் தமிழ்வழிப் பள்ளியில் வேலை செய்கிறேன். இந்த இழை எனக்கும் வேண்டியிருந்தது. எங்கள் லேபில் கேரளப் பள்ளிகளுக்கான கைட் குனு லினக்ஸ் 22.04, வீட்டில் விண்டோஸ். வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பிலும் லினக்ஸ் போட்டு ஷேர் வைத்திருக்கிறேன், திறக்கிறது. ஆனால் விண்டோஸிலிருந்து சில வினாத்தாள் ஃபைல்களை மட்டும் அதில் போட முடியவில்லை. எல்லாம் தமிழ்ப் பெயர் வைத்தவை. தமிழ்ப் பெயரே வைக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னார். குழந்தைகளுக்குத் தமிழில் எழுதச் சொல்லிவிட்டு, ஃபைலுக்கு மட்டும் ஆங்கிலத்தில் பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

சித்தூர்ப்பாதை (பலமநேர்)

டீச்சர், எந்தச் சித்தூர்? எங்கள் ஆந்திரச் சித்தூரா?

தமிழ்வகுப்பு_டீச்சர் (சித்தூர் தாலுகா)

பாலக்காட்டுச் சித்தூர்தான் சார்.

பாறசாலை_உபுண்டு

டீச்சர், தமிழ்ப் பெயர் தாராளமாக வைக்கலாம். உங்களுக்குச் சொன்னவர் தவறாகச் சொல்லிவிட்டார். நீளம்தான் பிரச்சினையாக இருக்கும். போக மறுக்கிற ஒரு பெயரை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

தமிழ்வகுப்பு_டீச்சர் (சித்தூர் தாலுகா)

ஒன்பதாம் வகுப்பு தமிழ்வழி சமூக அறிவியல் முதல் பருவத் தேர்வு வினாத்தாள் திருத்தப்பட்ட இறுதி வடிவம்.

பாறசாலை_உபுண்டு

அதேதான். விண்டோஸும் லினக்ஸும் பெயருக்கு 255 என்றுதான் எல்லை வைத்திருக்கின்றன, ஆனால் எண்ணுகிற பொருள் வேறு. விண்டோஸ் குறிகளை எண்ணுகிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் அமைப்பு பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'கு' என்பது க-வும் உகரக் குறியும் சேர்ந்தது, ஆறு பைட். 'ம்' என்றாலும் ஆறு.

உங்கள் பெயரை எண்ணிப் பார்த்தேன். 86 தமிழ்க் குறிகள், 11 இடைவெளிகள், கடைசியில் ஃபைல் வகையைச் சொல்லும், புள்ளியோடு சேர்ந்த ஓடிடி. விண்டோஸ் கணக்கில் 101, நிறைய இடம் மிச்சம். லினக்ஸ் கணக்கில் 273 பைட். 255ஐத் தாண்டிவிட்டது, அதனால்தான் உள்ளே போகவில்லை. மலையாளப் பெயருக்கும் இதே கணக்குதான். எல்லைக்கடை அண்ணாவும் கவனித்துக்கொள்ளுங்கள், பத்திரிகைக்கு மணமக்கள் இரண்டு பேர், ஊர், தேதி, மண்டபம் எல்லாம் சேர்த்துப் பெயர் வைத்தால் இதே இடத்தில் நிற்கும். வகுப்பு, பருவம் இரண்டையும் போல்டர் பெயராக வைத்துவிட்டு உள்ளே 'சமூக அறிவியல் வினாத்தாள்' என்று வையுங்கள். தமிழ் அப்படியே இருக்கும், தேடவும் சுலபம்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி ஒன்றாக ஒரு வகை. கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாக இன்னொரு வகை. திரையில் கொஞ்சமும் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு பெயர். 'கொழிஞ்சாம்பாறை' என்று ஒரே போல்டரில் இரண்டு ஃபைல் நின்றால் இதுதான் காரணம். 'கோ', 'கௌ' வரிசைகளுக்கும் இப்படித்தான். பழைய கருவியில் தட்டியதும், மாற்றி மூலம் யூனிகோடுக்கு வந்ததும் கலந்தால் இப்படி ஆகும். லினக்ஸில் கன்வ்எம்வி என்ற சின்னக் கருவி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றித் தரும். முதலில் எதையும் மாற்றாமல் என்ன செய்யப்போகிறேன் என்று பட்டியல் மட்டும் காட்டும். அதைப் படித்துப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

லேபில் லினக்ஸில் பெயர் வைக்கும்போது '10:30 தேர்வு' என்று முக்காற்புள்ளி போட வேண்டாம். கேள்விக்குறி, மேற்கோள் குறி, நட்சத்திரமும் வேண்டாம். லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. ஷேர் வழியாகப் பார்த்தால் அலைக்குறி போட்ட, புரியாத ஒரு குட்டைப் பெயராகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள், உள்ளே எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும்.

தமிழ்வகுப்பு_டீச்சர் (சித்தூர் தாலுகா)

போய்விட்டது! போல்டர் பிரித்து வைத்தேன், எல்லாம் போய்விட்டது. இரண்டு 'கோடை விடுமுறை' ஃபைல் ஏன் இருந்தது என்பதும் இப்போது புரிகிறது. மனமார்ந்த நன்றி.

பீர்மேடு_கணக்கு

எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு வேலை. 'அழித்துவிடாதீர்கள்' என்றதும் எழுதத் தோன்றியது. நெட்வொர்க் டிரைவில் அழித்தால் விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். எங்கள் சாம்பாவில் 'விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ் = ரீசைக்கிள்' என்று சேர்த்திருக்கிறோம். யார் அழித்தாலும் ஷேருக்குள்ளேயே மறைவான ஒரு போல்டரில் போய் விழும். போல்டர் அமைப்பையும் பாதுகாக்கச் சொல்லலாம். தானாகக் காலியாகாது, மாதம் ஒருமுறை நாம்தான் பார்த்து எடுக்க வேண்டும்.

கணக்கு மென்பொருளின் டேட்டாவை ஷேரில் வைத்துப் பல பேர் திறக்கிறீர்கள் என்றால் அதற்குத் தனி ஷேர் ஒன்று போட்டு, அதில் மட்டும் ஆப்லாக்ஸ் = நோ, லெவல்2 ஆப்லாக்ஸ் = நோ என்று வையுங்கள். ஆப்லாக் இருக்கும்போது ஒரு சிஸ்டம் ஃபைலைத் தன்னிடமே கொஞ்சம் வைத்துக்கொண்டு எழுதும், வேகம் கிடைக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் எழுதாமல் நிற்பது கணக்காக இருக்கக் கூடாது. டிசைன் ஃபைல்கள் உள்ள ஷேரில் இதைச் செய்ய வேண்டாம், வீணாக மெதுவாகும்.

மலையில் இருக்கிறவர்களுக்கு: துலா மழை இடி தொடங்கினால் ரவுட்டருக்கு வரும் லைன், லேன் கேபிள் இரண்டையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது.

எல்லைக்கடை (கொழிஞ்சாம்பாறை)

ரீசைக்கிள் போட்டுவிட்டேன், நல்ல யோசனை. பெரிய டிசைன் காப்பி ஆக ரொம்ப நேரம் எடுக்கிறது, நொடிக்கு 11 எம்பிதான் காட்டுகிறது. சாம்பாவின் வேகமே இவ்வளவுதானா?

கல்பாத்தி_நெட்

சாம்பா இல்லை, கேபிள். 11, 12 என்று நின்றால் அது 100 எம்பிபிஎஸ் இணைப்பு. கிகாபிட்டில் 110 அருகே வரும். எட்டு கம்பியில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்திருப்பார்கள், அல்லது ரவுட்டரின் போர்ட்டே 100 ஆக இருக்கும். எட்டும் சேர்த்துக் கிரிம்ப் செய்து, கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று போடுங்கள்.

நகரி_ஸ்டிக்கர்ஸ்

நான் ஆந்திராவில் நகரி. ஸ்டிக்கர் கட்டிங் செய்கிறேன், பைக் நம்பர் பிளேட், தறிக் கம்பெனிகளுக்கு லேபிள். எனக்கு ஒரே ஒரு சிக்கல். கட்டிங் ப்ளாட்டர் பழையது, அதன் டிரைவர் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். டிசைன் செய்வது லினக்ஸில், இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில். மெஷினை மாற்ற இப்போது வசதியில்லை. எஸ்எம்பி 1 வேண்டாம் என்று எல்லாரும் சொல்கிறீர்கள், நான் என்ன செய்வது?

வாளையார்_சர்வீஸ்

இந்தக் கேஸ் என்னிடமும் வந்திருக்கிறது. சாம்பாவில் சர்வர் மின் புரோட்டோகால் என்பதை என்டி1, அதாவது எஸ்எம்பி 1, என்று இறக்கினால் எக்ஸ்பி பேசும். ஆனால் மேலே படித்த பிறகு அதைச் சொல்ல யோசனையாக இருக்கிறது. எக்ஸ்பிக்கு மட்டும் ஒரு ஷேரில் தாழ்த்த முடியுமா, கல்பாத்தி?

கல்பாத்தி_நெட்

முடியாது. அந்த வரி சர்வர் முழுவதற்கும் பொது, ஷேர் ஷேராகப் பிரிக்க வழியில்லை. எக்ஸ்பிக்காகத் தாழ்த்தினால் எல்லாருக்கும் தாழ்ந்துவிடும்.

நகரி அண்ணா, மெஷினை மாற்ற வேண்டாம், நன்றாக ஓடுகிற மெஷின் ஓடட்டும். எக்ஸ்பியை மட்டும் ஒதுக்கிவிடலாம். மைக்ரோசாப்ட் அதற்கு ஆதரவை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. வானாக்ரை நேரத்தில் விதிவிலக்காக ஒரு திருத்தம் கொடுத்தார்கள்.

லினக்ஸ் சிஸ்டத்தில் இன்னொரு நெட்வொர்க் கார்டு போடுங்கள், யுஎஸ்பியில் செருகுவதும் போதும். அதிலிருந்து எக்ஸ்பிக்கு நேராக ஒரு கேபிள். நடுவில் ஸ்விட்ச், ரவுட்டர் எதுவும் வேண்டாம். இந்த இரண்டு பேருக்கும் தனி ஐபி வரிசை, வீட்டு ரவுட்டர் 192.168.1 என்றால் இங்கே 192.168.50 என்று வையுங்கள். எக்ஸ்பியில் கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் காலியாக விடுங்கள். லினக்ஸில் ஐபி ஃபார்வர்டிங் (ஒரு கார்டில் வருவதை இன்னொரு கார்டுக்குக் கடத்துவது) ஏற்றாதீர்கள். அப்போது எக்ஸ்பியிலிருந்து இன்டர்நெட்டுக்கும் வழியில்லை, வெளியிலிருந்து எக்ஸ்பிக்கும் வழியில்லை.

ஃபைல் போக்குவரத்துக்கு எஸ்எம்பியே வேண்டாம், எஃப்டிபி என்ற பழைய ஃபைல் அனுப்பும் முறை போதும். லினக்ஸில் விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வரை நிறுவி, அது அந்த இரண்டாவது கார்டின் ஐபியில் மட்டும் கேட்கும்படி லிசன் அட்ரஸ் கொடுங்கள். எக்ஸ்பியின் எக்ஸ்ப்ளோரரிலேயே எஃப்டிபி முகவரியைத் தட்டினால் போல்டர் மாதிரி திறக்கும், தனி மென்பொருள் வேண்டாம். எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்காமல்தான் போகும், பொது நெட்வொர்க்கில் நான் இதைச் சொல்லவே மாட்டேன். இங்கே கேபிளின் இரண்டு முனையும் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. அந்தப் பயனருக்கு வெட்ட வேண்டிய ஃபைல்கள் உள்ள ஒரே ஒரு போல்டரை, படிக்க மட்டும் கொடுங்கள். எக்ஸ்பி எதையும் திருப்பி எழுதத் தேவையில்லையே.

நகரி_ஸ்டிக்கர்ஸ்

எழுத வேண்டியதில்லை, எடுத்தால் போதும். ஆனால் வாடிக்கையாளர் சில சமயம் பென் டிரைவை நேராக எக்ஸ்பியில் செருகச் சொல்வார்.

கல்பாத்தி_நெட்

அது மட்டும் வேண்டாம். பென் டிரைவ் லினக்ஸில் செருகி, ஃபைலை இங்க்ஸ்கேப்பில் திறந்து, ப்ளாட்டர் ஏற்கும் வடிவத்தில் அங்கிருந்தே புதிதாகச் சேமித்து அந்த போல்டரில் வையுங்கள். எக்ஸ்பியின் யுஎஸ்பி போர்ட்டில் ப்ளாட்டர், கீபோர்டு, மவுஸ் தவிர வேறெதுவும் ஏற வேண்டாம். எக்ஸ்பியின் ஹார்டு டிஸ்கை முழுதாக ஒரு இமேஜ் எடுத்து லினக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த டிரைவர் சிடி இன்னொரு தடவை கிடைக்காது.

வாளையார்_சர்வீஸ்

அந்த லிசன் அட்ரஸ் வரியை விஎஸ்எஃப்டிபிடியில் ஐபி6 பகுதியை நிறுத்திவிட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் சேவை எழும்பாது. லிசன் = எஸ், லிசன் ஐபிவி6 = நோ. நகரி அண்ணா, கார்டு வாங்கியதும் இங்கே எழுதுங்கள், ஐபி போடும் இடத்தில் நான் கூட இருக்கிறேன்.